நுளம்பு தேடிப் போகும் மாணவர்களுக்கு

மாரி நெருங்கினால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் எங்கள் அலுவலகத்துக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்திலிருந்து வருபவர்கள்தான் அதிகம். "சேர், டெங்கு பற்றி ஒரு சமூகச் செயற்றிட்டம் செய்யவேணும். எந்த ஊருக்குப் போகலாம்?" என்பார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்யும் எனக்கு அவர்கள் வருவது பெரிய சந்தோஷம். ஊரைச் சொல்வதற்கு முன் ஒன்று கேட்பேன்: அங்கே இரண்டாம் தரம் எப்போது போவீர்கள்?

காரணம் நுளம்பிடமே இருக்கிறது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டைகளை ஒட்டிவிடும். தண்ணீரை ஊற்றிவிட்டாலும் முட்டை போகாது. காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழை பட்டதும் பொரிக்கும். முட்டை நுளம்பாக ஏறக்குறைய 8 முதல் 10 நாட்கள் போதும். ஆகவே ஒரு சனிக்கிழமை பனர் கட்டிச் சிரமதானம் செய்து, சிரட்டையும் யோகட் கப்பும் பொறுக்கிவிட்டு வந்தால் அந்த வளவு அடுத்த இரண்டு கிழமைக்குத்தான் சுத்தம். பாத்திரத்தின் உட்சுவரைப் பொச்சால் தேய்த்துக் கழுவவேண்டும், அதையும் கிழமைக்கு ஒரு தரம் செய்யவேண்டும். இதை ஒலிபெருக்கியில் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்த வீட்டுக் கிணற்றடியில் நின்று தேய்த்துக் காட்டவேண்டும்.

2017ஆம் ஆண்டை எங்கள் மாவட்டம் மறக்காது. இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவான ஆண்டு அது. ஆண்டின் தொடக்கத்திலேயே கிண்ணியா கடுமையாக அடிபட்டது.

மாணவர்களால் மட்டும் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, குடம்பி (நுளம்பின் புழுப்பருவம்) இருக்கும் வளவின் உரிமையாளர் மீது எங்களால் வழக்குத் தொடர முடியும். சட்டம் தேவைதான். ஆனால் நாங்கள் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே பின்வளவில் சில பாத்திரங்கள் கவிழ்ந்துவிடும். அதே வீட்டில் ஒரு மாணவி போய் "அம்மா, தண்ணி எங்க சேமிச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டால் எல்லாவற்றையும் திறந்து காட்டுவார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவேண்டும். வீட்டு இலக்கத்தையும் பெயரையும் வழக்குக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று, வேலை தொடங்கும் முன்னரே சுகாதார வைத்திய அதிகாரியுடன் பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அடுத்தது படம். பரலுக்குள் குடம்பி நெளிவதையும் அருகில் நிற்கும் தாயின் முகத்தையும் ஒன்றாக எடுத்துப் பேஸ்புக்கில் போட்டால், அந்த ஒழுங்கையில் உங்களுக்கு இன்னொரு கதவு திறக்காது.

கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு குழு செய்த வேலையை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன். அங்கே கிணற்றுத் தண்ணீர் உவர். பைப் தண்ணீர் நேரம் பார்த்துத்தான் வரும். அதனால் வீட்டுக்கு இரண்டு மூன்று நீலப் பரல்கள். "கிழமைக்கு ஒருக்கா ஊத்திக் கழுவுங்கோ" என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு ராத்தா கேட்டார்: "ஊத்திப்போட்டு நாளைக்குச் சோறு எதில ஆக்குற மகள்?" அந்தக் கேள்வி நியாயமானது. பிள்ளைகள் அதற்குப் பிறகு உபதேசத்தை விட்டுவிட்டு, பழைய நுளம்பு வலையை வெட்டி, விளிம்பில் இலாஸ்டிக் வைத்து மூடி தைத்தார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் தையலுக்கு உதவினார்கள்.

மூன்றாம் கிழமை திரும்பிப் போனபோது பாதி மூடிகள் கொடியில் காய்ந்தன. கோப்பையால் தண்ணீர் அள்ளும் ஒவ்வொரு தரமும் மூடியைக் கழற்றவேண்டும். கையில் குழந்தையோடு நிற்கும் தாய் அதைத் திரும்பப் போடுவாரா? அப்புறம் அந்தப் பிள்ளைகள் பரலின் அடியில் துளையிட்டு, திறந்து மூடும் ஒரு சிறிய பிளாஸ்டிக் பைப் பூட்டிக் கொடுத்தார்கள். மூடி மேலே அப்படியே இருக்க, தண்ணீர் கீழிருந்து வந்தது. பரலை ஒரு அடி உயரத்தில் கல் அடுக்கி வைக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான். திரும்பிப் போகாமல் இருந்திருந்தால் அவர்களது அறிக்கையில் "வலை மூடி வழங்கப்பட்டது" என்ற வரியோடு எல்லாம் முடிந்திருக்கும். இதனால்தான் விரிவுரையாளர்களிடமும் கேட்கிறேன்: புள்ளியில் ஒரு பகுதியை இரண்டாம் போக்குக்கு ஒதுக்குங்கள்.

கரையோர ஊர்களில் வீட்டோடு நின்றுவிடாதீர்கள். வாடைக்காலத்தில் கரைக்கு இழுத்துவிட்ட படகுகளுக்குள் மழைத்தண்ணீர் தேங்கும். மீனவர் சங்கத்தோடு பேசி அவற்றைக் கவிழ்க்கவோ மூடவோ ஏற்பாடு செய்யலாம்.

எண்ணுவதையும் பழகிக்கொள்ளுங்கள். 100 வீடுகளைப் பார்த்தால், அவற்றில் குடம்பி கண்ட பாத்திரங்கள் எத்தனை என்பதே பிரெட்டோ சுட்டி. முதல் போக்கிலும் கடைசிப் போக்கிலும் அதை எடுத்தால் உங்கள் வேலையால் ஏதும் மாறியதா என்று தெரியும். எந்த வகைப் பாத்திரம் என்பதையும் தனியாகக் குறியுங்கள்: பரல், டயர், பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி. எங்கள் அலுவலகத்துக்கு அந்தப் பட்டியல் தங்கம் மாதிரி. தமிழ் தெரியாத சிங்கள மாணவர்களையும் ஒதுக்கிவைக்காமல் தமிழ் பேசும் ஒருவரோடு சோடியாக அனுப்புங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு மாணவிகள் போவதே சரி. குடம்பியைக் கொல்லும் ஏபேட் மருந்தை நீங்களாகக் கையாள வேண்டாம், அதற்கு எங்களைக் கூப்பிடுங்கள்.

வேலையைச் செப்டெம்பரில் தொடங்குவது நல்லது. ஒக்டோபரில் மழை பிடித்தால் ஜனவரி வரை விடாது. பருவப் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தால் நுளம்பு காத்திருக்காது.

போகும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பரல் கதையை நிறுத்திவிட்டு இதைச் சொல்லுங்கள். பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். கர்ப்பிணி என்றால் முதல் நாளே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம், ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல் இவற்றில் எதைக் கண்டாலும் இரவென்று பார்க்காமல் உடனே கொண்டுபோகச் சொல்லுங்கள். வாகனம் இல்லாத வீடென்றால் பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டிக்காரரின் தொலைபேசி இலக்கத்தை அங்கேயே எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.