நின்றுபோன புல்லட்டின் வேதியியல்

மாடிப்படியின் அடியில் பல ஆண்டுகளாகத் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் பழைய புல்லட்டைப் பார்ப்பவர்கள், அது ஓடித் தேய்ந்த வண்டி என்றே எண்ணுகிறார்கள். ஆனால் ஓட்டத்தால் வரும் தேய்மானம் வண்டியை நிறுத்திய அன்றே நின்றுவிடுகிறது. அதன்பின் எஞ்சினை முடக்குபவை, உலோகத்தின் மேலும் பெட்ரோல் செல்லும் வழியிலும் மெல்ல மெல்லப் படியும் வேதிப் படலங்களே. முதன்முறையாகப் பழைய வண்டியொன்றை மீட்க முனைபவர், இந்தப் படலங்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதை அறிந்துகொண்ட பிறகு ஸ்பானரை எடுத்தால், உடைக்கக்கூடாததை உடைக்கமாட்டார்.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய பிறகு, புல்லட் உருவானது கடலை ஒட்டிய திருவொற்றியூரில். அந்தக் கடற்காற்றுதான் சென்னையில் அதன் முதல் எதிரி. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். ஆனால் காற்றில் வரும் உப்புத் துகள்கள் இரும்பின் மேல் படியும்போது வேலை பலமடங்கு விரைவுபடுகிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிக்கும் குறைவான ஈரப்பதமே போதுமானது. ஆகவே மழையே படாமல் மூடிவைத்த வண்டியின் மீதும் மின்சாரத்தைக் கடத்தும் ஒரு நீர்ப்படலம் ஆண்டின் பெரும்பகுதி தங்கியிருக்கிறது. காற்றோட்டமில்லாத தார்ப்பாய் அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கிறது என்பதால், அது பாதுகாப்பைவிடக் கேட்டையே அதிகம் செய்கிறது என்பது என் கருத்து.

இதே துரு எஞ்சினுக்குள்ளும் நுழைகிறது. வண்டி நிற்கும் நிலையில் ஏதாவது ஒரு வால்வு சற்றே திறந்திருந்தால், ஈரக்காற்று சிலிண்டருக்குள் செல்ல வழி கிடைக்கிறது. பழைய 350 சிசி புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. அதற்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளும் அப்படியே. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் அது வீங்கி இரண்டையும் ஒன்றாக இறுக்கிவிடுகிறது. மெக்கானிக்குகள் ‘எஞ்சின் ஜாம்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இந்த நிலையில் கிக்கரை ஓங்கி மிதித்தால் உடலின் எடை முழுவதும் ஒரே வீச்சில் உள்ளே இறங்கும்; வார்ப்பிரும்பு ரிங்கு வளையாது, உடைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் சம அளவில் கலந்த கலவையை ஊற்றிப் பல நாள் ஊறவிடுவதே முறை. அசிட்டோன் ஆயிலை நீர்க்கச் செய்து துருவின் நுண்துளைகளுக்குள் கொண்டுசேர்க்கிறது. பிறகு அது ஆவியாகிவிட, உயவுப் படலம் மட்டும் அங்கே எஞ்சுகிறது. இந்தக் கலவை எளிதில் தீப்பிடிக்கும், பெயிண்டையும் கரைக்கும் என்பதை மறக்கக்கூடாது. அதன்பின் வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைக்க வேண்டும். ஒரு நூலளவு அசைந்தாலும் மறுபடி ஊறவிடலாம். விடுபட்ட பிறகு சுவரில் பள்ளங்கள் தெரிந்தால் மட்டுமே லேத்துப் பட்டறையில் போரிங் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எஞ்சினின் அலுமினிய உறைக்குள் இறங்கியிருக்கும் எஃகு போல்ட்டுகளின் சிக்கல் வேறு வகையானது. உப்பு நீரால் இணைந்த இரு வேறு உலோகங்கள் ஒரு மின்கலமாகச் செயல்படும்போது அலுமினியம் அரிக்கப்பட்டு, அதன் வெண்ணிற ஆக்சைடு மரைகளுக்கு இடையில் அடைத்துக்கொள்கிறது. இங்கே வலிமையைவிட வெப்பம் மேல். ஒரே அளவு வெப்பத்துக்கு அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிகிறது. 8 மில்லிமீட்டர் துளையைச் சுற்றியுள்ள உறையை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், துளைக்கும் போல்ட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு இடைவெளி பிறக்கும். ஆக்சைடின் பிடி தளர அது பெரும்பாலும் போதுமானது. பெட்ரோல் டேங்கையும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரையும் கழற்றி அப்புறப்படுத்திய பிறகே வெப்பத்தைக் காட்ட வேண்டும்.

டேங்கின் உட்புறத் துருவை நீக்க மின்பகுப்பு மிக நல்ல வழி. பெட்ரோல் ஆவி சிறிதும் இல்லாதபடி கழுவிய டேங்கில் சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, டேங்கை 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையிலும், டேங்கின் உலோகத்தைத் தொடாதபடி உள்ளே தொங்கவிட்ட சாதாரண இரும்புக் கம்பியை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். டேங்கின் பரப்பில் ஹைட்ரஜன் குமிழிகள் எழும். துருவின் ஒரு பகுதி எலக்ட்ரான்களைப் பெற்றுத் தளர்ந்த கரிய படிவாக மாறும். நல்ல இரும்பு சிறிதும் கரையாது என்பதே இம்முறையின் சிறப்பு. அமிலங்களைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது என்பதால் திறந்தவெளியில்தான் இதைச் செய்ய வேண்டும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். எவர்சில்வர் கம்பியைத் தொங்கவிட்டால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் உண்டாகும். கழுவி முடித்த டேங்கைச் சூடான காற்றால் உடனே உலர்த்தி ஆயில் பூசாவிட்டால், சென்னையின் காற்றில் சிறிது நேரத்திலேயே மீண்டும் செந்நிறம் படர்ந்துவிடும்.

பழைய பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் கூறுகள் முதலில் பறந்துவிடுகின்றன. எஞ்சியவற்றில் சில ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசினாகின்றன. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளந்துவிடும் கார்புரேட்டரின் பைலட் ஜெட் போன்ற நுண்துளைகளே முதலில் அடைபடுபவை. அந்தப் பித்தளைத் துளையைக் கம்பியால் குத்துவது நம் தெருக்களில் அன்றாடம் நடக்கும் தவறு. 0.40 மில்லிமீட்டர் விட்டம் 0.44 ஆனாலே பரப்பு 21 விழுக்காடு கூடிவிடும். பெட்ரோலும் காற்றும் எடையில் 1-க்கு 14.7 என்ற அளவில் கலந்தால் முழுமையாக எரியும் என்னும்போது, இது சிறிய பிழை ஆகாது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதினால் போதும்.

இனி தீப்பொறி. பாயிண்ட் எனும் தொடுமுனைச் சுவிட்ச் மூடியிருக்கும்போது, மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலின் முதல் சுருளில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் உருவாகிறது; பாயிண்ட் திறந்த கணத்தில் அந்தப் புலம் சரிய, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் 10,000 வோல்ட்டுக்கும் மேல் தூண்டப்படுகிறது. கண்டென்சர் எனும் மின்தேக்கி பாயிண்ட்டில் பொறி பறப்பதைத் தடுப்பதால்தான் சரிவு திடீரென நிகழ்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் பாயிண்ட் முனைகளை ஆக்சைடு மூடியிருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும். புல்லட்டின் ஹெட்லைட் உறையில் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் இங்கே மிக அருமையான கருவி. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக அழுத்தும்போது, முள் இடப்பக்கம் விழுந்து மீண்டும் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் மூடித் திறக்கிறது என்று பொருள். முள் அசையவே இல்லையென்றால் எங்கோ சுற்று அறுந்திருக்கிறது. விழுந்தது எழவில்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை அல்லது கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கிறது.

ரப்பரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஓசோனும் காலமும் அதன் மூலக்கூறுகளை அறுத்துவிடுகின்றன, மீட்க வழியில்லை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய குழாய்களையும் சீல்களையும் மேலும் கெடுக்கும். டயர், குழாய், ஆயில் சீல் ஆகியவற்றைச் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாகவே வாங்கலாம். உலோக உறைகள், அசல் போல்ட்டுகள் போன்றவற்றைத் தேட, பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டை நல்ல இடம். ஆனால் பழைய புல்லட்டுகளில் பல இடங்களில் பிரிட்டிஷ் அளவு மரைகள் இருப்பதால், கழற்றிய போல்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஒரு வேலை மீதமிருக்கிறது. புல்லட்டின் ஆயில், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் இருக்கும் அறைக்கு அடுத்த தனி அறையில் இருப்பு வைக்கப்பட்டிருக்கிறது. நெடுங்காலம் நின்றால் அது பம்பின் வழியே கசிந்து கிராங்க் அறையில் தேங்கிவிடும். இரு அறைகளையும் வடித்துப் புதிய ஆயில் ஊற்றி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்தபடி, சாவியைத் திருப்பாமல், வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களுக்கு ஆயில் ஏறிவருவது கண்ணுக்குத் தெரியும்வரை கிக்கரை நிதானமாக மிதிக்க வேண்டும்.