"மேடம், இதில் சர்க்கரையே இல்லை!"

எனர்ஜி பாரைக் காட்டி இப்படிச் சொல்பவர்களில், இந்த வாரத்தில் இவர் மூன்றாவது ஆள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.4-லிருந்து 8.6-க்கு ஏறியிருக்கிறது. "மாத்திரையை விடவில்லை, ஸ்வீட் பக்கமே போவதில்லை" என்று சத்தியம் செய்கிறார். ரிப்போர்ட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது கூடவே வந்து விழுந்தது ஓர் எனர்ஜி பார். காலை டிபனுக்குப் பதில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்றாம். "பேரீச்சம்பழமும் பாதாமும்தான், இதில் சர்க்கரையே இல்லை மேடம்."

உறையைத் திருப்பினேன். முன்பக்கம் முழுக்கப் பாதாம் படம். பின்பக்கம், எறும்பு சைஸ் எழுத்தில்: ஓட்ஸ், குளுக்கோஸ் சிரப், பேரீச்சம்பழ விழுது, மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி)... பாதாம் ஆறாவது, 4 சதவீதம். எடை அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 32 கிராம். பார் 40 கிராம். அப்படியென்றால் ஒரு பாரில் ஏறக்குறைய 13 கிராம், இரண்டரை டீஸ்பூன் சீனி. டீயில் சீனி போடாமல் குடிப்பவர் இவர்!

எனக்கு எரிச்சல் தருவது அந்த 'எனர்ஜி' என்ற சொல்தான். எனர்ஜி என்றால் தெம்பு இல்லை, கலோரி. அவ்வளவுதான். சீனியிலும் எனர்ஜி உண்டு, வடையிலும் உண்டு, எண்ணெயில் அதைவிட அதிகம். களைப்பாக இருக்கிறது என்று யாராவது எண்ணெய் குடிப்போமா? களைப்பு ரத்தசோகையாலா, தைராய்டாலா, தூக்கம் போதாமலா என்று பார்க்காமல் பாரைப் பிரித்தால் கலோரிதான் சேரும். கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனாலும் அது தன்னை 'மிட்டாய்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. யாரும் அதைக் காலை டிபனாக்குவதில்லை.

பாரே தொடக்கூடாது என்று சொல்லவில்லை. மலையேற்றம், ஒரு மணி நேரத்துக்கு மேல் சைக்கிள், வழியில் சாப்பாடு கிடைக்காத பயணம் என்றால் சரி, ஒன்று சாப்பிடுங்கள். தண்ணீரும் குடியுங்கள். 'சுகர் ஃப்ரீ' என்றால் சீனிக்குப் பதில் சேர்க்கும் மால்டிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா பாருங்கள்; இரண்டு மூன்று தின்றுவிட்டு வயிறு போகிறது என்று என்னிடம் வராதீர்கள். நிலக்கடலை அலர்ஜி உள்ள பிள்ளைக்கு, பொருள் பட்டியலைக் கடைசி வரி வரை படிக்காமல் கொடுக்கவே கூடாது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சர்க்கரை திடீரென இறங்கிக் கை நடுங்கும்போது பாரைத் தேடாதீர்கள், அது மெதுவாகத்தான் ஏற்றும். 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்யுங்கள்.

"அப்போ நாலு மணிக்கு என்னதான் சாப்பிடுவது?" என்றார். ஒரு கைப்பிடி வறுத்த கொண்டைக்கடலை என்றேன். வீட்டில் இன்னும் ஒரு பெட்டி பார் பாக்கி இருக்கிறதாம். காலையில் சைக்கிள் மிதிக்கும் மகனிடம் கொடுக்கச் சொன்னேன்.