ஆவணப்படத்தை ஆவணப்படம் என்றே எழுதுவோம்

"சமூக மாற்றத்தை ஊக்குவிக்கும் விழிப்புணர்வுக் குறும்படம்." திரையிடல் அழைப்பிதழ்களில் இந்தத் தொடர் அச்சு மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. போய் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் ஓடுகிற படம். பாதிக்கப்பட்டவர்கள் பேசுகிறார்கள், கோப்புகளைக் காட்டுகிறார்கள், பழைய ஒளிப்பதிவுகள் வருகின்றன. ஆங்கிலத்தில் டாக்குமெண்டரி எனப்படும் இதற்குத் தமிழில் ஆவணப்படம் என்ற நல்ல சொல் பல காலமாகப் புழங்குகிறது. அது கையில் இருக்கும்போது குறும்படம் எதற்கு, விழிப்புணர்வு எதற்கு, ஊக்குவிப்பு எதற்கு?

குறும்படத்தை முதலில் முடித்துவிடலாம். அது நீளத்தைச் சொல்லும் சொல், வகையைச் சொல்லாது. பத்து நிமிடக் காதல் கதையும் குறும்படம்தான். யூத இனப்படுகொலை பற்றி குளோட் லான்ஸ்மன் எடுத்து 1985-இல் வெளிவந்த 'ஷோவா' ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது, அது ஆவணப்படம். நீளம் குறைந்த ஆவணப்படத்தைத் தனியாகச் சுட்ட வேண்டுமானால் 'குறு ஆவணப்படம்' என்று எழுதலாம். இதில் ஒரு சிக்கலும் இல்லை.

'டாக்குமெண்டரி' என்ற ஆங்கிலச் சொல் வந்த வழி இது. லத்தீனில் 'டோக்கேரே' என்றால் கற்பித்தல். அதிலிருந்து பிறந்த 'டோக்குமெண்டும்' பாடம், எடுத்துக்காட்டு, சான்று என்று பொருள்பட்டது. ஆங்கிலத்துக்குப் போய் நாளடைவில் எழுத்துச் சான்று என்ற பொருளில் நிலைத்தது. திரைப்படத்தோடு அதைச் சேர்த்துப் பேசிப் பரப்பியவர் பிரிட்டிஷ் திரைப்படக்காரர் ஜான் கிரியர்சன். ராபர்ட் ஃபிளாஹர்ட்டி பசிபிக் தீவான சமோவாவில் எடுத்த 'மோவானா' படத்துக்கு ஆவண மதிப்பு உண்டு என்று 1926-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் பயணப் படங்களுக்கு அந்தச் சொல்லை அதற்கு முன்பே பயன்படுத்தி வந்தார்கள்.

நம் பக்கம் வந்தால், 'ஆவணம்' பழைய சொல். பட்டினப்பாலையில் அது கடைத்தெரு. அகநானூற்றின் 77ஆம் பாட்டில், குடவோலை போட்ட பானையின் முத்திரையைப் பார்த்து உடைத்து ஓலைகளை எடுப்பவர்கள் 'ஆவண மாக்கள்'. பிறகு பத்திரம், உரிமைச் சீட்டு என்ற பொருள் உறுதிப்பட்டது. கடைத்தெரு என்ற பொருளை வடமொழி 'ஆபண'த்தோடு இணைப்பவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. அந்த வழக்கு தனியாக நடக்கட்டும். இத்தனை நூற்றாண்டுகள் தமிழில் வாழ்ந்த சொல்லை இனி யாரும் வெளியே அனுப்பப் போவதில்லை.

என் மனத்தில் நிற்பது பெரியபுராணத்தில் வரும் இடம். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையினர் முதியவரிடம் கேட்பது: ஆட்சி, ஆவணம், காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டு. ஆட்சி என்பது நடைமுறையில் இருந்துவரும் வழக்கம். ஆவணம் எழுத்துச் சான்று. காட்சி, நேரில் கண்ட பிறருடைய சாட்சியம். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவை அதை ஏற்கிறது.

ஓர் ஆவணப்படம் செய்யும் வேலை அப்படியே இதில் இருக்கிறது. ஆவணத்தையும் காட்சியையும் அவைக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. 'ஷோவா'வில் பழைய ஒளிப்பதிவு எதுவுமே கிடையாது. தப்பிப் பிழைத்தவர்களும், பக்கத்தில் வாழ்ந்தவர்களும், குற்றத்தில் பங்குகொண்டவர்களும் பேசுகிறார்கள். முழுக்கவே 'காட்சி'. ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல் இதற்கு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பேன்.

இலங்கைத் தமிழில் 'விவரணப்படம்' என்பார்கள். விவரணம் என்றால் விளக்கிச் சொல்வது. காட்டுயிர் பற்றியோ கடலடி பற்றியோ எடுத்த படத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். அதோடு எனக்குச் சண்டை இல்லை. 'செய்திப்படம்' வேறு பொருள். இந்தியாவில் 1948-இல் தொடங்கிய அரசின் திரைப்படப் பிரிவு, பெரிய படத்துக்கு முன்னால் திரையரங்குகளில் கட்டாயமாகக் காட்டிவந்த செய்தித் தொகுப்புகளுக்கு உரியது அது.

என் சண்டை 'விழிப்புணர்வுப் படம்' என்பதோடு. விழிப்புணர்வு என்று சொன்னதும் பார்க்க வந்தவர்கள் தூங்குகிறார்கள், படம் எடுத்தவர் விழித்திருக்கிறார் என்றாகிவிடுகிறது. படத்தில் பேசுகிறவர்களை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. 1935-இல் பிரிட்டனில் 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்ற ஆவணப்படம் வந்தது. சேரி வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பத்தினர் கேமராவைப் பார்த்து, எலியையும் மூட்டைப்பூச்சியையும் இடியும் சுவரையும் பற்றித் தாங்களே சொன்னார்கள். அவர்களுக்கு எந்த விழிப்புணர்வும் யாரும் ஊட்ட வேண்டியிருக்கவில்லை. வீடு கட்டும் பொறுப்பில் இருந்தவர்கள் முன் அவர்களுடைய சாட்சியம் போய்ச் சேர வேண்டியிருந்தது. படத்துக்குப் பணம் கொடுத்தது எரிவாயுத் தொழில் அமைப்பு, அதற்கென்று வணிக நோக்கம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் அந்தச் சாட்சியம் பொய்யாகிவிடவில்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. விழிப்புணர்வு என்றால் பொறுப்பு பார்வையாளர் தலையில் விழுகிறது. நீ தெரிந்துகொள், நீ மாறு, நீ கவனமாக இரு. அதிகாரத்தில் இருப்பவர் நழுவிவிடுகிறார். ஆவணம் என்ற சொல்லோ, இதோ சான்று, பதில் சொல் என்று அவரை நிறுத்துகிறது.

அமெரிக்காவில் டல்லஸ் நகரக் காவலர் ஒருவரைக் கொன்றதாக ராண்டல் ஆடம்ஸ் என்பவருக்கு 1977-இல் மரண தண்டனை விதித்தார்கள். அது பிறகு ஆயுள் தண்டனையானது. அவர் அந்தக் கொலையைச் செய்யவே இல்லை. 1988-இல் வந்த எரோல் மோரிஸின் 'தி தின் புளூ லைன்' சாட்சிகளை ஒவ்வொருவராகப் பேசவிட்டு, அவர்கள் பேச்சில் இருந்த ஓட்டைகளைக் காட்டியது. முக்கிய சாட்சியாக இருந்த இளைஞர், ஆடம்ஸ் குற்றமற்றவர் என்று ஏறக்குறைய ஒப்புக்கொண்ட ஒலிநாடாவும் படத்தில் இருக்கிறது. 1989-இல் ஆடம்ஸ் விடுதலையானார். இதில் எந்தப் பொதுமக்களுக்கு என்ன விழிப்புணர்வு? வேண்டியிருந்தது ஆவணம், அது கிடைத்தது. நாஜி வதைமுகாம்களில் எடுத்த ஒளிப்பதிவுகளைத் தொகுத்து 1945 நவம்பர் 29 அன்று, நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றத்திலேயே திரையிட்டார்கள். அங்கே படம் சொல்லுக்குச் சொல் ஆவணம்.

பாகிஸ்தானின் ஷர்மீன் ஒபைத் சினாய் எடுத்த 'எ கேர்ள் இன் தி ரிவர்' படத்தையும் பார்க்கலாம். குடும்பமே சுட்டு ஆற்றில் வீசியும் பிழைத்த இளம்பெண், சுட்ட தந்தையையும் சித்தப்பாவையும் மன்னிக்கும்படி நெருக்கப்படுகிறாள். மன்னித்தால் குற்றவாளி வெளியே வரலாம் என்ற ஓட்டை சட்டத்தில் இருந்தது. ஆணவக் கொலை நடக்கிறது என்று அந்த நாட்டில் தெரியாதவர் யார்? அந்த ஓட்டை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு பெண்ணின் வழக்கில் வைத்துப் படம் பதிவு செய்தது. 2016 பிப்ரவரியில் பிரதமர் அலுவலகத்திலேயே அது திரையிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டு, மன்னித்தாலும் ஆயுள் தண்டனை என்றானது. இடையில் ஜூலையில் சமூக வலைதளப் பிரபலமான கந்தீல் பலோச் தன் சகோதரனால் கொல்லப்பட்டதும் நாட்டை உலுக்கியது, பெண்ணுரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாகப் போராடியும் வந்தன. எல்லாப் பெருமையையும் படத்துக்கே கொடுத்தால் அதுவும் பொய்ச்சான்று ஆகிவிடும்.

மறுதரப்பிலும் நியாயம் இருக்கிறது. 'டோக்கேரே' என்றாலே கற்பித்தல்தானே, விழிப்புணர்வு மூலத்துக்கு நெருக்கம்தானே என்று கேட்கலாம். கிரியர்சனும் திரையைப் பொதுக்கல்விக்கான மேடையாகவே நினைத்தார். ஆனால் வேர் ஒரு சொல்லின் இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை. அவர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு வாரியப் பணத்தில் படம் எடுத்தவர் என்பதும் நினைவிருக்க வேண்டும். குடிமக்களுக்கு அறிவூட்ட வேண்டும் என்பது எப்போதும் அரசின் குரல். கை கழுவுவது எப்படி என்று சுகாதாரத் துறை எடுக்கும் படம் விழிப்புணர்வுப் படம்தான். அதற்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்வோம்.

கேளிக்கைப் பூங்காவில் அடைத்து வைக்கப்பட்ட ஓர்காக்களைப் பற்றிய 'பிளாக்ஃபிஷ்' (2013) ஆவணப்படம் வந்தபின் பார்வையாளர்கள்தானே மனம் மாறினார்கள் என்றும் கேட்கலாம். உண்மைதான். எதிர்ப்பு பெருகி, 2016-இல் அந்தப் பூங்காக்களை நடத்தும் சீவேர்ல்டு நிறுவனம் ஓர்கா திமிங்கிலங்களை இனப்பெருக்கம் செய்விப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் மக்களை மாற்றியது முன்னாள் பயிற்சியாளர்களின் வாக்குமூலமும், விபத்துகளின் ஒளிப்பதிவும். அறிவுரை சொல்லி அந்த மாற்றம் வரவில்லை.

ஆவணம் என்ற பெயர் படம் எடுப்பவரையும் கட்டுகிறது என்பதால் எனக்கு அது இன்னும் பிடிக்கும். 1958-இல் டிஸ்னி வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னஸ்' படத்தில் லெம்மிங் என்ற சிறு விலங்குகள் கூட்டமாக நீரில் குதித்துச் சாவதுபோல் காட்டினார்கள். அந்தக் காட்சி படக்குழு செயற்கையாக அமைத்தது. லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்ளும் என்ற கட்டுக்கதை இன்றும் உலவுகிறது. விழிப்புணர்வுப் படம் என்றால், நல்ல நோக்கம்தானே என்று இதையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆவணம் என்றால், மூல ஓலை எங்கே என்று கேட்க வேண்டும். 'தி தின் புளூ லைன்' படத்திலும் நடித்துக் காட்டிய காட்சிகள் உண்டு. ஒவ்வொரு சாட்சி சொன்னதும் எப்படி வேறுபடுகிறது என்பதைக் காட்ட அவை வருகின்றன, நடந்தது இதுதான் என்று ஏமாற்ற வரவில்லை.

அப்புறம் அந்த 'ஊக்குவிக்கும்'. ஆளை ஊக்குவிக்கலாம், முயற்சியை ஊக்குவிக்கலாம். இன்னும் நடக்காத மாற்றத்தை எப்படி ஊக்குவிப்பது? ஆங்கில வாக்கியத்தில் ஒரு வினை இருந்தால் அகராதியில் முதலில் கிடைத்த சொல்லைப் பொருத்திவிட்டு நகர்கிற மொழிபெயர்ப்பு இது. மாற்றத்துக்கு வித்திடும், வழிவகுக்கும், தூண்டுகோலாகும் என்று தமிழில் சொல்ல எத்தனையோ வழி இருக்கிறது. கேமராவுக்கு முன் உட்கார்ந்து பேசுகிறவர்களைப் 'பேசும் தலைகள்' என்று எழுதுகிறார்கள். தன் வாழ்க்கையின் கொடுமையைச் சொல்ல வந்தவர் நமக்குத் தலையா? பேசுபவர் என்று எழுதலாம், சாட்சி என்று எழுதினால் இன்னும் சரி. படத்தின் பயனைச் சொல்லுமிடத்தில் எல்லாம் 'தாக்கம்' வருகிறது. என்ன தாக்கம்? சட்டம் மாறியதா, வழக்கு திரும்ப விசாரிக்கப்பட்டதா, ஒருவர் வெளியே வந்தாரா? அதை எழுதிவிட்டால் தாக்கம் என்ற சொல்லே வேண்டியிருக்காது.

ஆவணப்படம் போலவே எடுத்த கற்பனைப் படத்தை ஆங்கிலத்தில் மாக்குமெண்டரி என்கிறார்கள். அதற்குப் 'போலி ஆவணப்படம்' என்ற பெயர் இயல்பாக அமைகிறது. ஆவணம் என்றாலே உண்மைக்கு உறுதி கொடுக்கிறது என்பதால்தான் அதற்குப் போலி ஒன்று இருக்க முடிகிறது. 'போலி விழிப்புணர்வுப் படம்' என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பொருள் வரவே வராது.