கடவூர் தேவாங்கு சரணாலயம்: சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன விதி?

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக 2022 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் இது.

சரணாலயம் என்றாலே ஊரில் முதலில் எழும் பயம், பட்டா நிலம் போய்விடுமோ என்பதுதான். போகாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 26ஏ-யின் கீழ், ஏற்கெனவே காப்புக்காடாக இருந்த பகுதியைத்தான் அறிவித்திருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் வழக்கம்போல உழலாம், விதைக்கலாம்.

காட்டுக்குள்தான் விதி இறுகுகிறது. ஆயுதத்தோடு நுழையக் கூடாது, தீ வைக்கக் கூடாது. சுற்றிப் பார்க்கவோ படம் எடுக்கவோ போவதானாலும் அனுமதி வேண்டும். ஆடு மாடு மேய்ப்பதைக் கட்டுப்படுத்தவும் தடுக்கவும் வனத்துறைக்கு அதிகாரம் உண்டு. அதனால் ஓட்டிப் போகும் முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விறகு, தழை போன்றவற்றைச் சுற்றுவட்டார மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் அனுமதிக்கச் சட்டத்தில் இடமுண்டு, விற்பதற்கு இல்லை. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சரணாலயங்களுக்கும் பொருந்தும். தகுதியுள்ளவர்கள் கிராம சபை வழியாக உரிமை கோரலாம்.

சரி, தேவாங்குக்கு ஏன் இத்தனை பாதுகாப்பு? ஒல்லியானவர்களைக் கேலி செய்ய அதன் பெயரைச் சொல்கிறோமே தவிர, அதைப் பார்த்தவர்கள் குறைவு. இரவில் மட்டும் நடமாடி, பூச்சிகளைத் தின்று வாழும் பிராணி. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளையும் தின்பதால் விவசாயிக்கு அது கூட்டாளி. மாந்திரீகத்துக்கு உதவும் என்ற மூடநம்பிக்கையால் அதைப் பிடித்துக் கொல்கிறார்கள். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வீட்டில் வளர்ப்பதும் குற்றம். அடிபட்ட தேவாங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ சொல்லியாக வேண்டும். உடனே சொல்வதுதான் அதன் உயிருக்கு நல்லது.

என் கவலை எல்லைக்கு வெளியேதான். தேவாங்கு கிளைக்குக் கிளை பிடித்துப் போகும் பிராணி, அணில் மாதிரி தாவாது. வேலி மரங்களை வெட்டிக் கம்பி போட்டால், அது தரையில் இறங்கித்தான் சாலையைக் கடக்க வேண்டும். வண்டியில் அடிபடுவது அங்கேதான். வேலி மரத்தை விட்டுவையுங்கள் என்று எந்த விதியும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. முடிந்தால் விட்டுவையுங்கள்.