மிதக்கும் பட்டர் சொல்லும் நிறை

பழைய சமையல் கொப்பிகளில் பட்டர் கேக்குக்கு "பட்டர் அரை இறாத்தல்" என்று எழுதியிருக்கும். இப்போது கைக்குக் கிடைக்கும் செய்முறைகள் பலவற்றில் "ஒரு கோப்பை பட்டர்" என்றிருக்கிறது. முன்னது நிறை, பின்னது கனவளவு. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்குப் பட்டரின் அடர்த்தி தெரிந்திருக்க வேண்டும்.

பட்டரில் ஏறத்தாழ 80 சதவீதம் பாற்கொழுப்பு, 16 சதவீதம் நீர்; எஞ்சியது பாலின் திண்மப் பொருள்களும், சேர்த்திருந்தால் உப்பும். கொழுப்பு நீரைவிட இலேசானது. அதனால் ஒரு மில்லிலீற்றர் நீரின் நிறை 1 கிராம் என்றால், ஒரு மில்லிலீற்றர் பட்டரின் நிறை சுமார் 0.95 கிராம்தான். இதன்படி 15 மில்லிலீற்றர் கொள்ளும் மேசைக்கரண்டியில் 14 கிராமும், 250 மில்லிலீற்றர் கோப்பையில் சுமார் 240 கிராமும் அடங்கும். அமெரிக்கக் கோப்பை 237 மில்லிலீற்றர்; அதில் அடங்கும் 227 கிராம்தான் நமது பழைய அரை இறாத்தல். நீர் வற்றக் காய்ச்சிய நெய் இன்னும் இலேசு.

ஆனால் கோப்பை இடைவெளியின்றி நிரம்பினால்தான் இந்தக் கணக்குப் பொருந்தும். மலையகத்தில் சிக்கலே அதுதான். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், கேக் அடிக்கும் மார்கழிக் காலையில், மேசைமேல் வைத்த பட்டரும் கல்லாகவே இருக்கும். கத்தியை அழுத்தினால் அது சீவல் சீவலாக உடைந்து விழும். அந்தச் சீவல்களைக் கோப்பையில் எவ்வளவு அமுக்கினாலும் இடையில் காற்று நின்றுவிடுவதால், கோப்பை நிறைந்தாலும் நிறை குறையும். கொழும்பில் அதே பட்டர் குழைந்து கோப்பையின் அடிவரை படிந்துவிடும். உயரம் இதற்குக் காரணமல்ல, குளிரே காரணம். உருக்கி அளக்கலாமே என்றால், சீனியோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைப்பது பளிங்குகளாக உறைந்திருக்கும் கொழுப்பு. உருகிய பட்டரால் அது முடியாது.

தராசு இல்லாத வீட்டுக்கு நான் மனமாரச் சொல்லும் வழி, மில்லிலீற்றர் கோடுகள் உள்ள ஒரு சாடி. அதில் 300 மில்லிலீற்றர் குளிர்ந்த பீலித் தண்ணீரை ஊற்றி, பட்டர்த் துண்டுகளை அடியையோ சுவரையோ தொடாமல் மிதக்கும்படி ஒவ்வொன்றாக இடுங்கள். மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நிறையுள்ள நீரை இடம்பெயர்க்கும் என்பது ஆர்க்கிமிடீசின் தத்துவம். நீர்மட்டம் 400ஐத் தொட்டால் உள்ளே இருப்பது 100 கிராம் பட்டர். வகுக்கவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். சீவலாக இருந்தாலும் கட்டியாக இருந்தாலும் கணக்கு மாறாது.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். மிதக்கும் பட்டரைக் கரண்டியால் நீருக்குள் அமுக்கிவிட்டு மட்டத்தைப் பார்க்கிறார்கள். அமுக்கினால் சாடி காட்டுவது நிறையை அல்ல, கனவளவை. கரண்டி அடைக்கும் இடமும் அதில் சேர்ந்துவிடும். கனவளவுதான் வேண்டுமென்றால் மெல்லிய ஈர்க்கினால் துண்டுகள் முழுவதும் மூழ்கும்வரை மட்டும் அழுத்திப் பாருங்கள்: முன்பு 400இல் நின்ற நீர் 405ஐ நெருங்கும். 100ஐ 105ஆல் வகுத்தால் கிடைப்பது அதே 0.95. பிறகு துண்டுகளை எடுத்துச் சுத்தமான துணியில் ஒற்றி, ஈரம் போனதும் சீனியோடு சேர்க்கலாம்.