டிரெய்லரில் ஒரு நைட்ரஜன் சிலிண்டர்: மோட்டார் இல்லாமல் டயருக்குக் காற்று

வண்டி நின்ற இடத்துக்கே போய் டயருக்குக் காற்றடிக்க வேண்டும் என்றதும் கம்ப்ரசர்தான் நினைவுக்கு வரும். அதற்கு மோட்டார் வேண்டும், கரண்டோ பெட்ரோலோ வேண்டும், சத்தம் வேறு காதைத் துளைக்கும். டிரெய்லரில் ஒரு நைட்ரஜன் சிலிண்டரை நிமிர்த்திக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஏனென்றால் வாயுவை அழுத்துகிற வேலையை வேறு யாரோ முன்னாலேயே முடித்துவிட்டார்கள், நமக்குத் திறந்துவிடுவதுதான் பாக்கி.

கணக்கு இதுதான். 50 லிட்டர் சிலிண்டரில் 150 பார் (ஒரு பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ) அழுத்தத்தில் இருக்கும் நைட்ரஜன், வெளியே வந்தால் சுமார் 7,500 லிட்டராக விரியும். 35 லிட்டர் கொள்ளும் கார் டயரை 15 பிஎஸ்ஐயிலிருந்து 35க்கு ஏற்ற அதில் ஏறத்தாழ 50 லிட்டர் போதும். ஒரு சிலிண்டரில் நூறு டயருக்கு மேல் தாராளமாகத் தேறும். லாரி டயர் என்றால் கதை வேறு: 140 லிட்டர் டயரைக் காலியிலிருந்து 8 பாருக்கு நிரப்ப 1,100 லிட்டருக்கு மேல் போய்விடும், ஆறு டயரோடு சரி.

இதில் உயிர்நாடி ரெகுலேட்டர்தான். அதில் இரண்டு கேஜ்: ஒன்று சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும், மற்றது ஹோஸுக்குப் போகும் அழுத்தத்தை. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு மெல்லிய சவ்வு. திருகைத் திருகினால் ஸ்பிரிங் சவ்வைத் தள்ளி வால்வைத் திறக்கும். வெளிப்பக்க அழுத்தம் ஏறியதும் அதே சவ்வு திருப்பித் தள்ளப்பட்டு வால்வு தானாக மூடிக்கொள்ளும். இது இல்லாமல் 2,000 பிஎஸ்ஐக்கு மேல் இருப்பதை நேராக டயரில் விட்டால் டயர் வெடித்துச் சிதறும்.

சரி, ஏன் நைட்ரஜன்? கார்பன் டை ஆக்சைடு அறை வெப்பத்தில் சிலிண்டருக்குள் திரவமாகவே கிடக்கும், அதனால் சின்ன சிலிண்டரில் நிறைய அடங்கும், ஆனால் வேகமாக எடுத்தால் ஆவியாகும்போது ரெகுலேட்டரே உறைந்துபோகும், திரவம் தீரும்வரை கேஜும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். நைட்ரஜன் மைனஸ் 147 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. கேஜ் பாதி காட்டினால் பாதிதான் இருக்கிறது. ஆக்சிஜன் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே தீப்பிடிக்கும்.

மற்றபடி நைட்ரஜன் அடித்தால் வெயிலில் டயர் அழுத்தம் ஏறாது என்பதெல்லாம் சும்மா. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான், 10 டிகிரி சூடு ஏறினால் இரண்டிலும் ஒன்றரை பிஎஸ்ஐ போல ஏறும். உண்மையான லாபம் ஈரம் இல்லாததும், ரப்பர் வழியாகக் கொஞ்சம் மெதுவாகக் கசிவதும்தான். விமான டயர்களில் அதை வற்புறுத்துவதற்குக் காரணம் வேறு: பிரேக் சூட்டில் உள்ளே எரிவதற்கு ஆக்சிஜன் இருக்கக் கூடாது.

கிளம்பும் முன் சிலிண்டர் வால்வை மூடி, ஹோஸில் இருப்பதை வெளியே விட்டு, ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு மூடி போட்டுவிட வேண்டும். சிலிண்டர் சாய்ந்து வால்வு முறிந்தால் உள்ளே இருக்கும் அழுத்தமே அதை ராக்கெட்டாகக் கிளப்பிவிடும். மூடிய வேனுக்குள் வைத்துக் கசிந்தாலும் ஆபத்து, வாசனையே இல்லாமல் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். அந்த வகையில் திறந்த டிரெய்லர்தான் நல்லது.