மனை விற்ற பணத்தை எஃப்.டி.யில் போட்டு வைக்காதீர்கள்

2 வருடத்துக்கு மேல் கையில் இருந்த மனையை விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. அந்தப் பணத்தில் 2 வருடத்துக்குள் வீடு வாங்கினாலோ 3 வருடத்துக்குள் கட்டினாலோ வரி இல்லை. இதுவரை புரோக்கரே சொல்லிவிடுவார். சொல்லாமல் விடுவதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள்.

மனை விற்ற பணத்தில் இன்னொரு மனை வாங்கிப் போட்டால் சலுகை கிடையாது. கெடுவுக்குள் அதில் வீடு எழும்ப வேண்டும். விற்ற அன்று உங்கள் பெயரில் ஒன்றுக்கு மேல் வீடு இருந்தாலும் கிடையாது; வாடகைக்கு விட்ட வீடும் கணக்கில் உண்டு. புது வீட்டை மகன் பெயரில் பதிந்தால் அதிகாரி மறுக்கப் பார்ப்பார், அப்புறம் அப்பீல்தான்.

லாபத்தை மட்டும் வீட்டில் போட்டால் போதும் என்பது வீட்டை விற்றவருக்கான விதி. மனை விற்றவர் கைக்கு வந்த முழுத் தொகையையும் போட வேண்டும். 20 லட்சத்துக்கு வாங்கியதை 60 லட்சத்துக்கு விற்று, 30 லட்சத்துக்கு மட்டும் வீடு வாங்கினால், 40 லட்ச லாபத்தில் பாதிக்குத்தான் விலக்கு. மீதி 20 லட்சத்துக்கு வரியும் செஸ்ஸுமாக 2 லட்சத்து 60 ஆயிரம்.

சரி, வீடு இன்னும் அமையவில்லை, பணம் வங்கியில் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள், வழக்கமாக ஜூலை 31, செலவாகாத பணத்தை 'கேப்பிடல் கெயின்ஸ் அக்கவுண்ட்' என்ற தனிக் கணக்கில் போட்டாக வேண்டும். 2025 நவம்பரில் விற்றிருந்தால் 2026 ஜூலை. "எஃப்.டி. போடுங்க சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று கவுண்டரில் சொல்வார்கள். ஒன்றில்லை. சாதாரண எஃப்.டி.யில் இருந்த பணத்துக்கு வரி நோட்டீஸ் வந்தால், அதைச் சொன்னவர் வந்து கட்டப் போவதில்லை. கிராமப்புறக் கிளைகளில் இந்தக் கணக்கைத் திறக்க முடியாது. நகரத்துக் கிளையிலும் "அப்படி ஒரு கணக்கே இல்லை" என்பார்கள். கணக்குத் திறக்கும் விண்ணப்பத்தை 'படிவம் ஏ' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், மேனேஜரைப் பாருங்கள். ஜூலை கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். இந்தக் கணக்கிலிருந்து எடுத்த பணத்தை 60 நாளுக்குள் வீட்டுக்குச் செலவழிக்க வேண்டும், மிஞ்சினால் அதே கணக்கில் திரும்பப் போட வேண்டும்.

கணக்கை மூடுவது அடுத்த தொல்லை. உங்கள் பணம், உங்கள் கணக்கு. ஆனால் 'படிவம் ஜி'யில் வருமான வரி அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அவர் மாறிப் போயிருப்பார், கோப்பு வேறு வார்டில் இருக்கும், "அடுத்த வாரம் வாங்க". மனு, விற்பனைப் பத்திர நகல், கட்டுமான பில்கள், வரித் தாக்கல் நகல் எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் சீல் வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பினால் நீங்கள் வந்ததற்கே சாட்சி இல்லை. பதில் வராவிட்டால் வருமான வரித் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் அந்த சீல் தேதியைக் குறிப்பிட்டுப் புகார் போடுங்கள். பான் கார்டு பழைய ஊர் விலாசத்தில் இருந்தால் கோப்பும் பழைய ஊர் அதிகாரியிடமே இருக்கலாம். அதைக் கணக்கு திறக்கும்போதே சரிசெய்துவிடுங்கள்.